எமில் சவரிமுத்துவுக்குக் கைராசி இருந்ததில்லை

எமில் சவரிமுத்து காலமான செய்தி ஒரு கும்பிடும் கைப் படத்தோடு என் தொலைபேசிக்கு வந்து சேர்ந்தது. வெள்ளவத்தையில் என் கடையில் ஒரு தண்ணீர்ப் பம்பைத் திறந்து வைத்துக்கொண்டு இருந்தேன். கை முழுக்கக் கிரீஸ். சுண்டுவிரலால் திரையைத் தட்டிப் பார்த்தேன். "எங்கள் கைராசிக்கார எமில் ஐயா இறைவனடி சேர்ந்தார்" என்று எழுதியிருந்தது. அனுப்பியவர் சிவபாதம் முதலாளி. கீழே வரிசையாக இன்னும் பல கும்பிடும் கைகள். ஒருவர் அவசரத்தில் கைதட்டும் படத்தை அனுப்பிவிட்டு அழித்திருந்தார். அழித்த தடம் அப்படியே இருந்தது.

பம்பை மூடினேன். கையைக் கழுவினேன். கொட்டாஞ்சேனைக்கு பஸ் ஏறினேன்.

அடக்கம் முடிந்த பிறகு எங்கள் சங்கத்தார் தாங்கள் வெளியிடும் மலருக்கு ஓர் அஞ்சலிக் கட்டுரை கேட்டார்கள். 'கைராசியின் மறுபெயர் எமில்' என்று தலைப்பையும் அவர்களே தயாராக வைத்திருந்தார்கள். "கந்தையா அண்ணை, நல்ல விஷயமாப் பாத்து எழுதுங்கோ. சிவபாதம் முதலாளியும் வாசிப்பார்" என்றார் செயலாளர். எழுதுகிறேன் என்றேன். எது நல்ல விஷயம் என்பதை நான் தீர்மானிப்பேன் என்று மட்டும் சொல்லவில்லை. தலைப்பை மாற்றிவிட்டேன். அச்சிட மனமில்லையென்றால் கட்டுரையைத் திருப்பித் தரட்டும். சிவபாதம் வாசிக்க வேண்டும் என்பதுதான் என் விருப்பமும்.

எமிலைத் தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். அவர் கொட்டாஞ்சேனையில் பிறந்து, அங்கேயே வளர்ந்து, அங்கேயே இறந்த மனிதர். தகப்பனார் துறைமுகத்தில் பாரந்தூக்கி இயக்கியவர். மகன் பல்கலைக்கழகம் போய் பொறியியலாளர் ஆனார். இயந்திரங்கள் இறக்குமதி செய்யும் ஒரு கம்பனியில் நீண்ட காலம் வேலை செய்துவிட்டு, அங்கே எவரோடும் ஒத்துப்போக முடியாமல் வெளியே வந்து, ஒரு தோற்பையோடு தனியாகத் தொழில் செய்தார். ஒத்துப்போக முடியாமல் போனதில் பாதிப் பிழை கம்பனியுடையது. மற்றப் பாதி எமிலுடையது. அவர் பிறருடைய வசனத்தை இடையில் நிறுத்தித் திருத்துபவர். வாசனை பூசாமல் வீட்டை விட்டு இறங்காதவர். தன்னைவிட விஷயம் தெரிந்தவர் இந்தக் கொழும்பில் இல்லை என்று நினைத்தவர். சேர்வோ மோட்டர் விஷயத்தில் அந்த நினைப்பு சரி. மற்ற விஷயங்களில் இல்லை.

சேர்வோ மோட்டர் என்றால் என்னவென்று கேட்பவர்கள் இருப்பார்கள். மின்விசிறியின் மோட்டருக்குத் தெரிந்தது ஒன்றுதான்: மின்சாரம் வந்தால் சுற்றுவது. சேர்வோ மோட்டர் அப்படியல்ல. எவ்வளவு சுற்ற வேண்டும், எங்கே நிற்க வேண்டும் என்று கொன்ட்ரோலர் உத்தரவு போடும். டிரைவ் என்கிற பெட்டி அந்த உத்தரவுக்கு ஏற்றபடி மின்சாரத்தை அளந்து கொடுக்கும். மோட்டரின் முதுகில் இருக்கும் என்கோடர், இவ்வளவு தூரம் வந்துவிட்டேன் என்று திரும்பிச் சொல்லும். இந்தப் பேச்சு ஒரு கணம் அறுந்தாலும் மோட்டர் நின்றுவிடும். நின்றதும் எங்கள் ஆட்கள் என்ன செய்வார்கள்? மோட்டரை மாற்றுவார்கள். கண்ணுக்குத் தெரிவது அதுதான். விலை கூடியதும் அதுதான். விலை கூடிய சாமான்தான் குற்றவாளி என்பது எங்கள் முதலாளிமாரின் சட்டம்.

"மோட்டர் செத்துப்போச்சின்னு சொல்லாதீங்க. அதுகிட்ட பேசுறத யார் நிப்பாட்டுனாங்கன்னு கேளுங்க" என்பார் எமில். போகிற இடமெல்லாம் இதைச் சொன்னார். ஒருவரும் கேட்கவில்லை. மோட்டரைத்தான் மாற்றினார்கள்.

எனக்கும் அவருக்கும் பழக்கம் ஒரு சண்டையில் தொடங்கியது. நான் மோட்டருக்குச் சுருள் சுற்றுகிற வேலையை எவரிடமும் போய்ப் படித்தவனல்ல. எரிந்துபோன மோட்டர்களைப் பிரித்துப் பிரித்து நானாகப் படித்தவன். ஒரு கம்பனி, நின்றுபோன சேர்வோ மோட்டர் ஒன்றை, எரிந்துவிட்டதா என்று பார்க்கச் சொல்லி என் கடைக்கு அனுப்பியிருந்தது. அதை மேசையில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தபோது, மடிப்புக் கலையாத வெள்ளைச் சட்டையோடு ஒரு மனிதர் உள்ளே வந்தார். வாசனை அவருக்கு முன்னால் வந்தது.

"இத தொறந்தீங்களா?" என்று கேட்டார். வணக்கம் இல்லை, பெயர் இல்லை.

"இல்லை" என்றேன்.

"தொறக்காதீங்க. பின்னால உள்ள என்கோடர் ஒரு நூலளவு அசைஞ்சாலும் மோட்டருக்குத் தன்ட இடம் மறந்திரும். இது நீங்க சுத்துற ஃபேன் மோட்டர் இல்ல, அண்ணே."

"தம்பி, நான் இன்னும் ஸ்குரூட்ரைவரைக் கையிலயே எடுக்கேல்ல."

"எடுக்கப் போற ஆள் மாதிரி தெரிஞ்சிச்சி."

அவர் சொன்ன விஷயம் சரி. ஆனால் எனக்கு அந்த மோட்டரைத் திறக்கும் எண்ணம் இருக்கவில்லை. இருந்ததாக அவர் முடிவு கட்டியதை நான் மன்னிக்கவில்லை. மனிதர் போய்விட்டார், அஞ்சலிக் கட்டுரைதானே என்று இப்போது அதை விட்டுக்கொடுக்கவும் முடியாது.

அதற்குப் பிறகும் அவர் வந்தார். என் கடையில் சாமானை இறுக்கிப் பிடிக்கிற நல்ல இடுக்கிமேசை இருந்ததுதான் காரணம் என்று சொல்லிக்கொண்டார். வெள்ளிக்கிழமைகளில் வேண்டுமென்றே மீன் வைத்த மாலு பணிஸ் வாங்கி வருவார். வெள்ளிக்கிழமை நான் மச்சம் தொடமாட்டேன் என்பது அவருக்குத் தெரியும். என் முன்னால் வைத்துச் சாப்பிட்டுக்கொண்டே, "நாங்களும் வெள்ளிக்கிழமை இறைச்சி திங்கிறதில்ல, அண்ணே. மீன் எங்க கணக்குல மரக்கறி" என்பார். அவருடைய மனைவி ரெஜினா அதைக் கேள்விப்பட்டு, ஒரு வெள்ளிக்கிழமை எனக்கென்று தனியாகப் பருப்பு வடை சுட்டு அனுப்பினார். அந்தக் குடும்பத்தில் மரியாதை தெரிந்தவர் ரெஜினா ஒருவர்தான்.

இனி இந்தக் கைராசிக் கதைக்கு வருகிறேன்.

சிவபாதத்துக்கு ஹெந்தளையில் ஒரு தொழிற்சாலை இருக்கிறது. மிளகாய்த்தூளும் கறித்தூளும் பொதி செய்து வெளிநாட்டுக்கு அனுப்புகிறார். அங்கே பெட்டிகளைத் தூக்கி அடுக்கும் ஓர் இயந்திரக் கை இருந்தது. அது திடீர் திடீரென்று பாதி வழியில் நின்றுவிடும். சிவபாதம் மோட்டரை மாற்றினார். நின்றது. மாற்றிய மோட்டரையும் மாற்றினார். அதுவும் நின்றது. அதன் பிறகுதான் என்னிடம் சொல்லி எமிலை அழைத்தார். நானும் கூடப் போனேன்.

எமில் எதையும் திறக்கவில்லை. இயந்திரத்துக்கு எதிரே ஒரு கதிரையைப் போட்டு உட்கார்ந்து, அது நிற்கும்வரை பார்த்துக்கொண்டே இருந்தார். நின்றது. ஓட விட்டார்கள். மறுபடி நின்றது. ஒவ்வொரு முறையும் கை தூர எட்டி நீளும்போதுதான் நின்றது. பிறகு மின்சாரத்தை நிறுத்தச் சொல்லி, கையோடு சேர்ந்து வளைந்து வளைந்து போகிற கேபிளை விரல்களுக்கிடையில் பிடித்து, அடியிலிருந்து நுனிவரை மெல்ல மடக்கிப் பார்த்துக்கொண்டு போனார். ஓரிடத்தில் நிறுத்தினார். வெளியே ஒரு கீறல்கூட இல்லை. உள்ளே என்கோடரின் வயர் முறிந்திருந்தது. கை நீளும்போது முறிந்த நுனிகள் விலகும், மடங்கும்போது ஒட்டிக்கொள்ளும்.

"மோட்டர ரெண்டு தரம் மாத்தினீங்க. கேபிள யாரும் மாத்தலியா?" என்று எமில் கேட்டார்.

"கேபிள் நல்லாத்தானே கிடந்தது" என்றார் சிவபாதம்.

"மோட்டரும் நல்லாத்தான் இருந்திச்சி."

புதுக் கேபிள் போட்டதும் இயந்திரம் ஓடியது. சிவபாதம் கண்டது என்ன தெரியுமா? ஒரு மனிதர் வந்தார், உட்கார்ந்தார், கேபிளைத் தடவினார், இயந்திரம் ஓடியது. உட்கார்ந்து பார்த்ததும், நிற்கிற இடத்தைக் கவனித்ததும், ஒரு காரணத்தை விட்டு இன்னொரு காரணத்துக்குப் போனதும் அவருடைய கண்ணில் படவில்லை. தடவியது மட்டும்தான் பட்டது. "அவருக்குக் கைராசி" என்றார். ஊரெல்லாம் சொன்னார். அதற்குப் பிறகு கொழும்பிலும் சுற்றுப்புறத்திலும் புது இயந்திரம் இறக்குகிற நம்மவர்கள் எமிலைக் கூப்பிட்டு, "ஒருக்காக் கையை வையுங்கோ" என்று கேட்கத் தொடங்கினார்கள். பூசணிக்காய், தேசிக்காய், எமில் சவரிமுத்து. இந்த வரிசையில் அவரை வைத்தார்கள்.

எமிலுக்கு அது பிடிக்கவில்லை. என் கடையில் ஒரு நாள் சொன்னார்: "கைராசின்னு சொல்றது, உனக்கு மூளை இல்லன்னு மரியாதையா சொல்றது மாதிரி, அண்ணே." அவரோடு நான் முழுதாக ஒத்துப்போன சில பேச்சுகளில் இது ஒன்று.

பிறகு சிவபாதம் ஒரு புது இயந்திரம் வாங்கினார். கறித்தூளை உறையில் நிறைத்து, சூடான இரண்டு தாடைகளால் வாயை நசுக்கி ஒட்டும் இயந்திரம். தாடைகளை மூடித் திறப்பது சேர்வோ மோட்டர். முன்னால் கண்ணாடிக் கதவு உண்டு. கதவைத் திறந்தால் தாடைகள் உடனே ஓய்ந்துவிட வேண்டும் என்பது இயந்திரம் செய்தவர்கள் போட்ட விதி. அதற்கென்று கதவில் பொருத்திப் பூட்ட ஒரு சுவிட்ச் தனியாக வந்திருந்தது. நிறுவி ஓடவிடும் பொறுப்பை எமிலிடம் கொடுத்திருந்தார்கள். அவர் பாதி வேலை முடித்திருந்தபோது ரெஜினா இறந்துவிட்டார்.

அடக்கம் முடிந்த அடுத்த வாரம் சிவபாதம் எனக்குத் தொலைபேசி எடுத்தார். எமிலை இனி இந்த இயந்திரத்துப் பக்கம் வரவேண்டாம் என்று நான் பக்குவமாகச் சொல்ல வேண்டுமாம். இயந்திரம் தொடங்குவதற்கு ஐயர் நாள் குறித்துக் கொடுத்துவிட்டாராம். சாவு நடந்த துடக்கு வீட்டுக்காரர் வந்து தொடக்கூடாதாம்.

"அவர் வேதக்காரர். அவருக்குத் துடக்கு இல்லை" என்றேன்.

"அவருக்கு இல்லாட்டிலும் எங்களுக்கு இருக்குத்தானே" என்றார் சிவபாதம்.

நான் பக்குவமாகச் சொல்லவில்லை. உள்ளதை உள்ளபடியே சொன்னேன். எமில் "கதவு சுவிட்ச் இன்னும் பூட்டல. அத மட்டும் அவங்களுக்குச் சொல்லுங்க" என்றார். சொன்னேன். சிவபாதத்துக்கும் சொன்னேன், மீதி வேலையைக் கையில் எடுத்த அவருடைய மருமகனுக்கும் சொன்னேன். மருமகன் வெளிநாட்டில் படித்தவர். தலையை ஆட்டினார். தலையாட்டுவதையும் அங்கேதான் படித்திருப்பார் போலும்.

சுபநேரத்துக்கு நானும் போயிருந்தேன். வாழை கட்டி, மாவிலை கட்டி, இயந்திரத்தின் நெற்றியில் சந்தனமும் குங்குமமும் வைத்து, தேங்காய் உடைத்தார்கள். நேரம் வந்ததும் சிவபாதத்தின் மனைவி பச்சைப் பொத்தானை அமுக்கினார். தாடைகள் டக் டக்கென்று அடித்தன. எல்லாரும் கை தட்டினார்கள். சர்க்கரைப் பொங்கலும் கடலையும் தந்தார்கள். பொங்கலில் கற்பூரம் கூடிப்போயிருந்தது.

சில வாரங்கள் கழித்து அந்த இயந்திரம் நிற்கத் தொடங்கியது. ஓடிக்கொண்டிருக்கும்போது தாடைகள் அப்படியே ஓய்ந்துவிடும். கொன்ட்ரோலரின் திரையில் சிவப்பு எச்சரிக்கை எதுவும் வராது. உத்தரவு போய்க்கொண்டேயிருக்கும், மோட்டர் கேளாது. கொஞ்ச நேரத்தில் தானாகவே ஓடும். மருமகன் மோட்டரை மாற்றினார். டிரைவை மாற்றினார். வெளிநாட்டுக்கு வீடியோ எடுத்து அனுப்பினார். சிவபாதம் கண்ணூறு என்று முடிவு செய்து வாசலில் நீற்றுப்பூசணிக்காய் கட்டினார். பூசணிக்காய் கனமாக இருந்தது. தாடைகள் முன்போலவே நின்று நின்று ஓடின. கப்பலுக்குச் சரக்குப் போகும் நாள் நெருங்கியது. அப்போதுதான் சிவபாதத்துக்குக் கைராசி ஞாபகம் வந்தது. துடக்குக் காலமும் முடிந்திருந்ததாம்.

எமில் வரமாட்டார் என்று நினைத்தேன். வந்தார். வெள்ளைச் சட்டையில் துக்கத்துக்குரிய கறுப்புத் துணித்துண்டு குத்தியிருந்தார். காவலாளி "என்ன மஹத்தயா" என்று சிங்களத்தில் வரவேற்று எழுந்து நின்றார். உள்ளே சிவபாதம் கையைப் பிடித்துக்கொண்டு, "நடந்தது நடந்துபோச்சு. உம்மட கையை ஒருக்கா வையும்" என்றார். எமில் கையை இழுத்துக்கொண்டார்.

அவர் முதலாளியிடம் எதையும் கேட்கவில்லை. மருமகனிடமும் கேட்கவில்லை. இயந்திரத்தின் முன்னால் நிற்கிற செல்வராணியிடம் போனார். செல்வராணி மலையகத்திலிருந்து வந்து ஹெந்தளையில் அறை எடுத்துத் தங்கி வேலை செய்கிற பெண். இயந்திரத்தைப் பற்றி அவரிடம் அதுவரை எவரும் ஒரு வார்த்தை கேட்டிருக்கவில்லை.

"இது நிக்கிற நேரம் நீங்க என்ன செய்வீங்க, பிள்ளை?"

"கதவத் தொறந்து, சிக்குன உறையக் கையால எடுத்து விடுவேங்கய்யா."

"அதுக்குப் பிறகு?"

"அதுவாவே ஓடும்."

"கதவ மூடுன பிறகா?"

செல்வராணி முதலாளியைப் பார்த்தார். பிறகு மெதுவாகச் சொன்னார்: "சில நேரம் மூடுறதுக்கு முன்னமே ஓடிருங்க. நான் வெரசாக் கைய எடுத்துருவேன்."

எமிலின் முகம் மாறியதை நான் பக்கத்திலிருந்து பார்த்தேன். ரெஜினாவின் பெட்டிக்கு முன்னால் நின்றபோதுகூட அந்த முகம் அப்படி மாறவில்லை. அவர் நேராகப் போய்ப் பிரதான சுவிட்சை நிறுத்தி, பையிலிருந்து தன் சொந்தப் பூட்டை எடுத்து அதில் போட்டு, சாவியைச் சட்டைப்பையில் வைத்தார். அதற்குப் பிறகுதான் மின்பெட்டியைத் திறந்தார்.

கதவு சுவிட்சின் வயர்கள் வந்து பூட்ட வேண்டிய இரண்டு இடங்களும் ஒரு துண்டு வயரால் ஒன்றோடொன்று இணைக்கப்பட்டிருந்தன. சுபநேரம் வந்துவிட்டது, சுவிட்ச் பூட்ட நேரமில்லை. சுவிட்ச் இல்லாமல் டிரைவ் மோட்டருக்கு உயிர் கொடுக்காது. எனவே மருமகன் கதவு எப்போதும் மூடியே இருக்கிறது என்று டிரைவுக்குப் பொய் சொல்லிவிட்டார். ஐயர் குறித்த நேரம் தவறவில்லை. பொங்கல் ஆறவில்லை. துண்டு வயர் மறந்துபோயிற்று. அதன் திருகாணி இயந்திரத்தின் அதிர்வில் தளர்ந்து, வயர் விலகும்போது மோட்டர் ஓய்ந்தது, திரும்பத் தொடும்போது, உத்தரவு காத்துக்கொண்டிருந்ததால், ஓடியது.

மருமகனின் முகம் தெளிந்தது. "அப்ப லூஸ் கொனெக்ஷன்தான். ஸ்குரூவை இறுக்கினாச் சரி" என்றார்.

எமில் அவரைப் பார்த்துச் சொன்னதை நான் ஒரு சொல்லும் மாற்றாமல் எழுதுகிறேன். "தம்பி, நிக்கிறது கோளாறு இல்ல. திரும்பி ஓடுறதுதான் கோளாறு."

அந்த வயரைக் கழற்றித் தன் சட்டைப்பையில் போட்டார். கதவு சுவிட்ச் பூட்டும்வரை இயந்திரம் ஓடாது என்றார். சிவபாதம் கெஞ்சினார். கப்பலைச் சொன்னார். இந்தச் சரக்குப் போகட்டும், அதற்குப் பிறகு சுவிட்ச் பூட்டலாம் என்றார். அந்தப் பிள்ளை கவனமாகத்தானே வேலை செய்கிறது, இதுவரை ஒன்றும் நடக்கவில்லையே என்றார். செல்வராணி ஓரமாக நின்று கைகளை ஏப்ரனில் துடைத்துக்கொண்டிருந்தார். துடைக்க அந்தக் கைகளில் ஒன்றுமில்லை.

எமில் அசையவில்லை. சிவபாதத்துக்குக் கோபம் வந்தது. "துடக்கு வீட்டுக்காரரைக் கூப்பிட்டது என்ர பிழை" என்றார், எல்லாருக்கும் கேட்கும்படி.

நான் முன்னால் போனேன். எமில் கையை நீட்டி என்னைத் தடுத்தார். அவர் குரலை உயர்த்தவில்லை. "முதலாளி, என் வீட்டுல சாவு நடந்திருச்சி. உங்க இடத்துல இன்னும் நடக்கல. நடக்கக் கூடாதுன்னுதான் இத கழட்டினேன்."

பூட்டு பிரதான சுவிட்சிலேயே இருந்தது. சாவியோடு எமில் வெளியே நடந்தார். வாசலில் திரும்பி, பூட்டை வெட்ட விரும்புகிறவர் தன் பெயரை ஒரு கடதாசியில் பெரிதாக எழுதி இயந்திரத்தில் ஒட்டிவிட்டு வெட்டலாம் என்றார். வெட்ட ஆள் இல்லை. பூசணிக்காய் கட்ட நான்கு பேர் ஏறினார்கள். பெயர் எழுத ஒருவரும் வரவில்லை.

பிறகு கதவு சுவிட்ச் கிடைத்தது. எங்கே கிடைத்தது என்று கேளுங்கள். களஞ்சியத்தில், இயந்திரம் வந்த பெட்டியின் அடியில், பொலித்தீன் உறை பிரிக்காமல் கிடந்தது. எமில் வந்து பூட்டினார். கதவைத் திறந்தார், மோட்டர் ஓய்ந்தது. மூடினார், ஓடவில்லை. பச்சைப் பொத்தானை அமுக்கிய பிறகுதான் ஓடியது. அதை மறுபடி மறுபடி செய்து பார்த்தார். கடைசியில் செல்வராணியைக் கூப்பிட்டு அவரையே செய்ய வைத்தார். பிறகு தன் பூட்டைக் கழற்றிக்கொண்டு, தேநீரும் குடிக்காமல் போனார். கப்பலுக்குச் சரக்கும் நேரத்துக்குப் போனது. அதையும் எழுதுகிறேன், ஏனென்றால் அதைச் சிவபாதம் ஒருபோதும் சொன்னதில்லை.

அவர் சொன்னது வேறு. எமிலின் கைராசி போய்விட்டது என்றார். பெண்சாதி செத்ததோடு போய்விட்டது, அவர் வந்து தொட்டபிறகு இயந்திரம் நாட்கணக்கில் பூட்டிக் கிடந்தது என்றார். நம்மவர்களுக்கு அது போதும். வெள்ளவத்தையில் ஒரு கல்யாண மண்டபத்தில் சொன்னால் வத்தளை வரை போய்ச் சேரும். எமிலுக்கு அழைப்புகள் குறைந்தன. பிறகு நின்றன. இத்தனைக்கும் அந்த இயந்திரம் இன்றுவரை ஒழுங்காக ஓடிக்கொண்டிருக்கிறது.

உண்மையை எல்லாருக்கும் சொல்லும்படி நான் எமிலோடு சண்டை போட்டேன். நீர் பேசாமல் இருந்தால் அவர்கள் சொன்னதுதான் நிற்கும் என்றேன். அவர் சிரித்தார். "கைராசி போச்சின்னு சொல்றாங்களா? நல்லது. இனியாவது யாராவது ஒருத்தன் யோசிப்பான்" என்றார். இதில் எமிலின் கணக்குப் பிழை. ஒருவரும் யோசிக்கவில்லை. புதிதாக ஒரு கைராசிக்காரரைத் தேடிக்கொண்டார்கள். அவர் மோட்டர் மாற்றுகிறார்.

கடைசிக் காலத்தில் எமிலுக்கு நெஞ்சு வருத்தம். பொரளையில் ஆஸ்பத்திரியில் இருந்தபோது போய்ப் பார்த்தேன். வேலை இல்லை என்று முறையிடவில்லை. தோற்பையைக் கட்டிலுக்குக் கீழே வைத்திருந்தார். எதற்கு என்று கேட்டேன், வீட்டில் வைத்தால் மகள் துப்புரவாக்கிவிடுவாள் என்றார். பையின் சிப் உடைந்து, இழுக்கும் நாக்குக்குப் பதிலாக ஒரு துண்டு வயர் முறுக்கியிருந்தது. எந்த வயர் என்று எனக்குத் தெரிந்தது. பிறகு வழக்கம்போல எந்தக் கிரீஸ் நல்லது என்பதில் சண்டை பிடித்தோம். நான் சொன்ன கிரீஸ்தான் நல்லது.

அடக்கத்தன்று கல்லறைத் தோட்டத்துக்குச் சிவபாதம் பெரிய மலர்வளையத்தோடு வந்திருந்தார். 'கைராசி நாயகனுக்குக் கண்ணீர் அஞ்சலி' என்று நாடாவில் பொன் எழுத்து. மருமகன் குழியருகில் நின்று பேசினார். அவர் தொட்டால் எந்த இயந்திரமும் ஓடும், அது கடவுள் கொடுத்த கை என்றார். நான் பின்னால் நின்றவன். "தொட்டு ஓட்டினவரில்லை. யோசிச்சு ஓட்டினவர். நிப்பாட்ட வேண்டிய இடத்தில நிப்பாட்டினவர்" என்று அங்கிருந்தே சொன்னேன். சிலர் திரும்பிப் பார்த்து உஸ் என்றார்கள். சுவாமியார் என்னைப் பார்த்துவிட்டு, செபத்தைத் தொடங்கினார்.

செபம் முடிந்ததும் வழக்கப்படி எல்லாரும் ஒவ்வொருவராக வந்து ஒரு பிடி மண் போட்டார்கள். சிவபாதம் விரல் நுனியால் கிள்ளிப் போட்டுவிட்டு, பையிலிருந்த லேஞ்சியை எடுத்து விரலைத் துடைத்தார். மருமகன் ஒரு கையில் தொலைபேசியை வைத்துக்கொண்டு மற்றக் கையால் போட்டார். கடைசியாக ஒரு பெண் வந்தார். செல்வராணி. தொழிற்சாலையில் லீவு கொடுத்தார்களா என்று எனக்குத் தெரியாது. முதலாளியைத் தாண்டித்தான் வந்தார், அவரைப் பார்க்கவில்லை. குழியின் ஓரத்தில் முழங்காலிட்டு, இரண்டு கைகளாலும் மண்ணை அள்ளினார். பத்து விரல்களுக்கு இடையாலும் மண் வழிந்தது. கையிலே மிஞ்சியதைப் போட்டார். மறுபடியும் அள்ளினார். மறுபடியும் போட்டார். எவரும் அவரை நிறுத்தவில்லை.

போய்வாரும், எமில். அன்று என் மேசையில் கிடந்த அந்த மோட்டரை நான் திறக்க நினைக்கவில்லை.